வெறுஞ்சில்லையும் அளந்தவர்

திங்கட்கிழமை. தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் ஓரத்தில் நின்று, மனுவோடு வந்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது கோவிந்தன் போன் செய்தார். பேராசிரியர் மாதம்மாளின் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவர்.

"சார், மேடம் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போறதுக்குள்ள…"

எத்தனை மணிக்கு, எந்த ஊரில் அடக்கம் என்று கேட்டேன். முப்பது வருட நிருபர் பழக்கம், வேறு எதுவும் வாயில் வரவில்லை. பதில் சொல்லிவிட்டு அவரும் ஒன்று கேட்டார்.

"பேப்பர்ல போடுவீங்க இல்லீங்களா?"

"போடணும்."

"பழசை எடுத்துப் போட்டுடாதீங்க சார்."

பழசு என்று அவர் சொன்னது, நான்கு ஆண்டுகளுக்கு முன் மாதம்மாள் மேடத்தைப் பற்றி நான் எழுதிய செய்தி. பெரிய படத்துடன் மாவட்டப் பக்கத்தின் மேல்பாதியில் வந்தது. அது தவறான செய்தி. எழுதியபோது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அதற்கு ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டார். வரவில்லை. இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில், அவரை அறிந்த பலர் அந்தச் செய்தியைத்தான் வெட்டி வைத்திருப்பீர்கள். இதை எழுத உட்கார்ந்த பிறகு, அதை நினைத்தே நான்கு முறை எழுந்துபோய்விட்டேன்.

அவரை முதலில் பார்த்ததும் ஒரு மனுநாளில்தான். கல்குவாரி வெடியால் வீட்டுச் சுவர்கள் விரிகின்றன என்று ஓர் ஊரிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி வரிசையில் நில்லாமல், வரிசையை ஒட்டியே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். கையில் ஒரே ஒரு தாள்.

"உங்க வூடும் விரிஞ்சிருக்குங்களா?" என்று கேட்டேன்.

"வூடு நல்லாத்தான் இருக்குது. என் கோடுதான் கலங்குது."

வெடியை நிறுத்தச் சொல்லி மனுவா என்றேன். "நிறுத்தச் சொல்லலீங்க. எத்தனை மணிக்குன்னு சொல்லச் சொல்றேன். அஞ்சு நிமிசம் முன்னாடி ஒரு போன் பண்ணாப் போதும்."

முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "எங்களுக்கு செவுரு போவுது, இந்தம்மா போன் கேக்குது பாரு."

"உங்களுக்கும் சேத்துத்தாங்க கேக்கறேன். வெடிக்கறாங்கன்னு தெரிஞ்சா அந்த நேரத்துக்குப் பிள்ளைங்களையாவது செவுத்துப் பக்கம் விடாம இருக்கலாமில்ல?"

பெரியவர் யோசித்தார். பிறகு, "அப்பச் சரி, எங்க நம்பரையும் எழுதிக்கம்மா" என்றார். அந்தப் பெண்மணியின் மனுவின் கடைசியில் மேலும் மூன்று கைபேசி எண்கள் சேர்ந்தன. குவாரிக்காரர்கள் அதன் பிறகு போன் செய்யத் தொடங்கினார்கள். அந்த ஊர் கேட்ட மற்ற எதுவும் நடக்கவில்லை, போன் மட்டும் வந்தது.

என்ன கோடு, ஏன் கலங்குகிறது என்று பார்க்க மறுவாரம் அவருடைய கல்லூரிக்குப் போனேன். ஊருக்கு வெளியே, ஒரு பக்கம் நெடுஞ்சாலையும் மறுபக்கம் பெங்களூர் ரயில் பாதையுமாக இருக்கும் கட்டடம். தரைத்தளத்தில் பழைய சாமான் அறையைக் கேட்டு வாங்கி ஆய்வகமாக்கியிருந்தார். அவர் விளக்கியதை என் குறிப்பேட்டில் இருக்கிறபடியே தருகிறேன்.

விரல்நகம் அளவு சிலிக்கான் சில்லு. அதன்மேல் கோபால்ட் உலோகம், கண்ணுக்குத் தடிமனே தெரியாத மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். படலத்தின்மேல் ஒளி பட்டால் கரையும் தன்மை பெறும் ஒரு பசை. இப்போது லேசர் ஒளியில் ஒரு பாதி நேராகச் சில்லின்மேல் விழுகிறது. மறுபாதி பக்கத்தில் நிறுத்திய கண்ணாடியில் பட்டுத் திரும்பி அதே இடத்தில் விழுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சமும் இருளும் மாறிமாறிக் கோடுகளாகப் படியும். அவர் கோடு என்றது இதைத்தான். பிறகு சில்லைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் ஒருமுறை காட்ட வேண்டும். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழும். கழுவினால் இரண்டு முறையும் ஒளி படாத இடங்களில் மட்டும் பசை புள்ளி புள்ளியாக மிஞ்சும். அந்தப் பசைக்கு அடியில் உள்ள உலோகத்தை விட்டுவிட்டு மற்றதை அரித்து எடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் காந்தம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கும் மேல் அடங்கும். ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவைக்கலாம் என்பதால் தகவலைச் சேமிக்க உதவும் என்று உலகெங்கும் பலர் இதில் வேலை செய்கிறார்கள். படலம் பூசுவது, அரிப்பது, அளப்பது எல்லாம் பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில். சில்லுகளை டிபன் பாக்ஸில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருவார். ஒளி காட்டுவது மட்டும் இங்கே.

ஒளி காட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க எதுவும் அசையக் கூடாது. லாரி போனால் கோடு கலங்கும், ரயில் போனால் கலங்கும், வெடி வைத்தால் அன்றைய வேலையே போச்சு. ராத்திரியில் செய்தால் என்ன என்று கேட்டேன்.

"ராத்திரியிலதான் சார் லாரி ஜாஸ்தி" என்றார் கோவிந்தன்.

நான் பார்க்கிறேன் என்பதால் ஒரு சில்லை எடுத்து வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். மேடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அவசர வேலையோ என்று நினைத்தேன். கோவிந்தன் உதட்டின்மேல் விரலை வைத்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால், கட்டடத்தின் கடைசித் தூண்வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

"நான் உள்ள இருந்தா கோடு கலங்கிடும். எனக்கு நிக்கத் தெரியாது. இவருக்குத் தெரியும்" என்று கோவிந்தனைக் காட்டினார். அசையவே கூடாத ஒரு வேலையை, ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியாத ஒருவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்று பின்னொரு நாள் கேட்டேன். "உங்களுக்கு எழுத்து வரும்னா ரிப்போர்ட்டரா போனீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

கோவிந்தன் அங்கே வந்து சேர்ந்த கதையும் அந்த மேசையின் கதையும் ஒன்றுதான். அதிர்வு தாங்கும் மேசை வெளிநாட்டில் செய்து வருவது, வாங்க வழியில்லை. மேடம் ஒரு கிரானைட் பட்டறைக்குப் போய், பாலிஷில் கீறல் விழுந்து ஒதுக்கிய கருங்கல் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். நம் பக்கத்துக் கருங்கல்லின் கனம் உங்களுக்குத் தெரியும். நான்கு லாரி டியூப்களில் பாதிக் காற்றடித்துத் தரையில் போட்டு, அவற்றின்மேல் பலகையை ஏற்றினார்கள். ஏற்ற வந்தவர்களில் ஒருவர் பட்டறைத் தொழிலாளி கோவிந்தன். கண்ணாடிகளைப் பொருத்தக் கல்லில் துளைகள் போட வேண்டியிருந்தது. இன்னொரு நாள் வந்து போட்டார். இன்னொரு நாள் வந்து மட்டம் பார்த்தார். "வெச்சிட்டுப் போலாம்னுதான் சார் வந்தேன், அப்புறம் போவத் தோணல" என்பார்.

அந்த மேசை வந்த பிறகு கோடுகள் நேராக விழுந்தன. அது மட்டுமல்ல, பெங்களூரில் அளந்தபோது புள்ளிகளின் காந்தம், அவற்றில் உள்ள கோபால்ட்டுக்கு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. புள்ளிகள் அவ்வளவு ஒழுங்காக அமைந்ததால் இருக்கலாம் என்று மேடம் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. நான் எழுதிய செய்தி அதைப் பற்றியதுதான். "இருக்கலாம்" என்ற சொல் என் செய்தியிலும் இருந்தது. செய்திகளைத் திருத்தும் சேலம் டெஸ்க்கில் வைத்த தலைப்பில் இல்லை. 'உலோகத்தை மிஞ்சிய காந்தம்: தருமபுரிப் பேராசிரியை சாதனை' என்று மறுநாள் வந்தது. கல்லூரி வாசலில் அதே தலைப்பு ஆளுயரப் பேனராக நின்றது. மாவட்ட விழாவில் கேடயம் கொடுத்தார்கள்.

நாலைந்து மாதங்கள் கழித்து ஒருநாள் பகலில் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"சார், நீங்க எழுதினது தப்பு. நான் சொன்னதுதான் தப்பு."

நடந்ததை நின்றபடியே சொன்னார். எல்லாம் நன்றாக வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கெட்டதா வந்தா எங்க கெட்டுச்சுன்னு தேடுவோம். நல்லதா வந்தா யாரு தேடறாங்க?" படலமும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஒரு வெறுஞ்சில்லை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து அதே மேசையில் அதே நேரம் வைத்து எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போனார். அளக்கும் கருவிக்கு அங்கே வரிசை உண்டு. ஒன்றுமில்லாத சில்லை அளக்க வந்திருக்கிறாரே என்று சிரித்தார்களாம். வெறுஞ்சில்லிலும் காந்தம் இருந்தது. இன்னும் இரண்டு முறை போனார். மூன்று முறையும் இருந்தது.

திரும்பி வந்து கோவிந்தனிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், ஒரு சொல்கூட மாறவில்லை.

"கோவிந்தன், இந்தக் கல்லுத் தூளு காந்தத்துல ஒட்டுமா?"

"ஒட்டுங்க மேடம். பட்டறையில ரேடியோ ஸ்பீக்கர் பூரா அப்பிக்கும். எல்லாருக்கும் தெரியுமே."

"ஏன்யா இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

கருங்கல்லில் காந்தத்தோடு ஒட்டும் சிறு துகள்கள் உண்டு. கண்ணாடியைப் பொருத்தும் திருகாணியை முடுக்கும்போதெல்லாம், துளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்பிச் சில்லின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. புள்ளிகளின் காந்தத்தோடு கல்லின் காந்தமும் சேர்ந்து அளவில் விழுந்தது. அதிர்வை அடக்கியது எதுவோ, அதுவே அளவையும் கெடுத்தது. பெங்களூரில் யாருக்கும் இந்தத் தவறு நேராது. அவர்கள் மேசை இரும்புச் சட்டத்தில் வருவது, அதை எப்படி மூடிவைப்பது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. கருங்கல்லை மேசையாக்கும் நம் ஊரில்தான் இது நடக்க முடியும்.

அச்சாவதற்கு முன்பே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொன்னார். கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க ஆளில்லை. அட்மிஷன் முடியும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். "அதுக்குத்தான் நேரா இங்க வந்தேன். அந்தச் செய்தி எத்தனை பெருசு வந்துச்சோ, அத்தனை பெருசு வேண்டாம். தப்புன்னு ரெண்டு வரி வந்தாப் போதும்."

எழுதி அனுப்பினேன். வரவில்லை. டெஸ்க்கைக் கேட்டேன். "யாரும் தப்புன்னு சொல்லலியே அண்ணே, நாமளே எதுக்கு?" என்றார்கள். நான் இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். சேலத்துக்கு நேரில் போயிருக்கலாம். தேர்தல் வேலை, ஏரி நிரம்பிய செய்தி என்று நாட்கள் போயின. மேடம் எங்கே பார்த்தாலும் "எப்ப வருதுங்க?" என்பார். "அடுத்த வாரம்" என்பேன். ஒரு வருடம் போனது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதைவிட, கேட்காமல் விட்ட பிறகுதான் அதிகமாக அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனேன்.

ஆனால் அவர் வேலையை நிறுத்தவில்லை. கல் முழுக்கப் பிசின் பூசி, துளைகளுக்குப் பித்தளைக் குழாய் செருகி, சில்லுக்கு மூடி செய்தார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் நான் ஒரு செய்திக்காக நின்றிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், இப்பச் சரியா கம்மியா வருது."

என்ன கம்மி என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. கோபால்ட்டுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் காந்தம் வருகிறது, வெறுஞ்சில்லில் ஒன்றுமே வரவில்லை. அவருடைய புள்ளிகள் எல்லோருடைய புள்ளிகளையும்போலச் சாதாரணமானவை என்று நிரூபணமாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் அழைத்திருந்தார். கல்தூள் அளவைக் கெடுத்த விதத்தையும் விரிவாகச் சேர்த்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். எழுதியவர்கள் பட்டியலில் கோவிந்தன் பெயரும் இருக்கிறது. "அவரு என்ன படிச்சிருக்காரு?" என்று கல்லூரியில் கேட்டதற்கு, "என்னை விடக் கல்லைப் படிச்சிருக்காரு" என்றாராம். அந்தக் கட்டுரையைப் பற்றி நான் செய்தி அனுப்பவில்லை. பழையதற்குத் திருத்தம் வராமல் புதியதை எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடக்கம் கடத்தூருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில். சாலைத் திருப்பத்திலேயே கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டியிருந்தது. கேடயம் வாங்கும் படம். அதற்குக் கீழே நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அதே தலைப்பு, எழுத்து பிசகாமல். பேனருக்கு அடியில் கோவிந்தன் கைகட்டி நின்றிருந்தார்.

"கழட்டிடலாங்களா சார்?"

"சாவு வூட்டுல வேண்டாம்."

"அப்ப எங்கதான் இது தப்புன்னு சொல்றதுங்க?"

மேடத்தின் அண்ணன் பெரியசாமி, கரும்பும் மஞ்சளும் போடுகிற விவசாயி, நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தார்.

"இதுல என்னமோ தப்புன்னு பாப்பா சொல்லிட்டே இருந்துச்சுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதுங்க தப்பு?"

பந்தலுக்கு வெளியே நின்று அவருக்குச் சொன்னேன். கல், தூள், வெறுஞ்சில்லு எல்லாம்.

"அப்ப அதைக் கண்டுபுடிச்சதும் பாப்பாதானுங்க?"

"ஆமாங்க. வேற யாரும் இல்ல."

"பின்ன அதைச் சொல்லாம உட்டா எப்பிடிங்க? நாளைக்கு எவனாவது படிச்சவன் வந்து, இந்தம்மா தப்பா எழுதிட்டு மறைச்சிடுச்சுன்னு சொன்னா, இல்லேன்னு சொல்ல அது இருக்குதா?"

அன்று மாலை மரணச் செய்தியை எழுதினேன். ஆறு பத்தி. மூன்றாவது பத்தியில் திருத்தம். டெஸ்க்கிலிருந்து அழைத்தார்கள்.

"அண்ணே, எறந்தவங்கள குறை சொல்ற மாதிரி இருக்குதே."

"அவங்க சொல்லச் சொன்னதுதாம்பா."

"குடும்பத்துக்காரங்க மனசு?"

"அவங்க அண்ணன்கிட்டப் பேசிட்டுத்தான் எழுதறேன்."

"சரிண்ணே, பார்க்கறேன்."

மறுநாள் ஐந்து பத்தி வந்தது. மூன்றாவது இல்லை. தலைப்பில் பழைய சாதனை இருந்தது. கோவிந்தன் போன் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

இந்த மாத இதழின் ஆசிரியர் அஞ்சலிக்கு இடம் கொடுத்தபோது, எதையும் வெட்டமாட்டேன் என்று வாக்குக் கேட்டு வாங்கிய பிறகே ஒப்புக்கொண்டேன். ஆகவே இப்போது, நான்கு ஆண்டுகள் தாமதமாக: பேராசிரியர் மாதம்மாளின் காந்தப் புள்ளிகள் உலோகத்தை மிஞ்சிய காந்தம் கொண்டவை என்று நான் எழுதிய செய்தி தவறு. மிகுதியாகத் தெரிந்த காந்தம் மேசைக் கல்லின் தூளுடையது. இதைக் கண்டுபிடித்தவர் மாதம்மாளே. யாரும் கேட்காதபோது தானே தேடிக் கண்டுபிடித்தார், கண்டுபிடித்த வாரத்திலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றார், பத்திரிகைக்கும் சொன்னார். தாமதம் முழுக்க எங்களுடையது. வெட்டி வைத்திருப்பவர்கள் அந்தச் செய்தியோடு இந்தப் பத்தியையும் சேர்த்து ஒட்டிவையுங்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஒன்றும் நடக்காத இடத்துக்கும் போய்ப் பார்க்கும் பழக்கம். போன வாரம் ஒரு கிராமத்தில் மாம்பூ கொட்டுகிறது, புதிதாக வந்த தொழிற்சாலையின் புகைதான் காரணம் என்று தகவல் வந்தது. போனேன். பூ கொட்டிக் கிடந்தது, விவசாயிகள் பேசினார்கள், படமும் எடுத்தாயிற்று. செய்தி முழுமையாக இருந்தது, அனுப்பக் கை வரவில்லை. மறுநாள் பஸ் ஏறி, புகை எட்டாத, யாரும் புகார் சொல்லாத இன்னொரு கிராமத்துக்குப் போனேன். அங்கேயும் கொட்டிக் கிடந்தது. "இந்த வருசம் பனி ஜாஸ்திங்க, எல்லாப் பக்கமும் இப்பிடித்தான். நீங்க யாரு?" என்றார் தோப்புக்காரர். ஒரு நாள் வீண் என்று டெஸ்க்கில் கோபித்துக்கொண்டார்கள். புகையைக் குற்றம் சொல்லாமல் நான் அனுப்பியது நாலே வரி. நாலும் நிற்கும்.